எலும்பிலேயே தங்கிவிட்டவர்கள்

ஜனவரி 9

அன்புள்ள பெரியவனுக்கு,

நேற்று சிறை வாசல்வரை வந்தேன். நேர்காணல் சீட்டில் என் பெயரைப் பார்த்ததும் நீ வர மறுத்துவிட்டதாகக் காவலர் சொன்னார். "உங்க மேலதான் பெரிய கோபம், பெரியவரே. கடுதாசி போடுங்க, கிழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது படிப்பான்" என்றார். அவர் சொன்னபடி எழுதுகிறேன். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு தாள்களை வீணாக்கிவிட்டேன்.

முதலில் உன் தம்பியைப் பற்றி. நவம்பரில் உன் கையிலிருந்து எடுத்த செல்கள் அவன் எலும்புக்குள் குடியேறிவிட்டன. புது ரத்தம் ஊறுகிறது. ரத்தப் புற்று இருந்த தடம் தெரியவில்லை. அதுவரை நல்ல செய்தி. ஆனால் அவன் உள்ளங்கையிலும் காதுமடலிலும் தொடங்கிய சிவப்பு இப்போது மார்புவரை பரவியிருக்கிறது, கொதிநீர் கொட்டியது போல. இன்று காலை தலையணை உறையை மாற்றியபோது காதோரத்துத் தோல் உறையோடு வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தான்.

உன் செல்களுக்கு அவன் உடம்பு அந்நிய வீடு. உள்ளே நுழைந்தவை, இது நம் வீடு இல்லையே என்று கண்டுகொண்டு சுவரை இடிக்கத் தொடங்கிவிட்டன. அந்த இளம் மருத்துவர் அன்று தாழ்வாரத்தில் உன்னிடம் சொல்ல வந்தது இதைத்தான். சொன்ன விதம் சரியில்லை, ஒப்புக்கொள்கிறேன். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, "உங்க செல்லுதான் சார் அவரை அடிக்குது" என்றார். நீ அவரை அடித்தாய். தாடை இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் பிணைத்துக் கட்டியிருக்கிறார்கள். உறிஞ்சுகுழலில்தான் சாப்பாடு. விடுப்பு எடுக்காமல் ஒரு சிலேட்டை மாட்டிக்கொண்டு வேலைக்கு வருகிறார்.

காவல் நிலையத்தில் நான் கொடுத்த வாக்குமூலத்தைப் பற்றியும் எழுத வேண்டும். கேட்டார்கள், பார்த்ததைச் சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சின்னவனுக்கு ஒரு வழி இருக்கிறது. மருந்து என்று சொல்ல முடியாது, அவையும் செல்கள்தான். முகம் தெரியாத யாரோ ஒருவருடைய எலும்பு மஜ்ஜையிலிருந்து வளர்த்து, உறைய வைத்திருப்பவை. மீசன்கைமல் ஸ்ட்ரோமல் செல்கள் என்று பெயர். ஸ்ட்ரோமா என்பது கிரேக்கத்தில் படுக்கை விரிப்பு. எலும்புக்குள் ரத்தம் ஊறும் இடத்தில் இவை மெத்தை போல விரிந்திருக்கின்றன. அடிதடிக்கு இறங்கிய செல்களை அடக்கும் வேலையும் இவற்றுக்குத் தெரியும் என்கிறார்கள். நான் பணியில் இருந்தபோது தடுப்பூசிக்காகக் குரங்கின் சிறுநீரக செல்களை வளர்த்தவன், இவற்றை வளர்த்ததில்லை. நான் சொல்வதில் பிழை இருக்கலாம். ஸ்டீராய்டு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார் பெரிய மருத்துவர். பெரிதாகும்வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே கொடுங்கள் என்று நான் அவரை நச்சரித்துக்கொண்டிருக்கிறேன்.

உனக்குக் கம்பளி கொடுத்தார்களா?

மாமா


ஜனவரி 15

மாமாவுக்கு,

நான் பேசுற மாதிரிதான் எழுதுவேன். சிவப்பு மை வெச்சுத் திருத்தாதீங்க.

வக்கீல் வந்து உங்க வாக்குமூலத்தைப் படிச்சுக் காட்டினாரு. "முதல் அடி இடது தாடையில். இரண்டாவது அடி அதே இடத்தில். அவர் கீழே விழுந்த பிறகு மூன்றாவது அடி." ஏன் மாமா, அந்த மூணாவதை முழுங்கியிருக்கக் கூடாதா? விழுந்தவனை அடிச்சிருக்கான்னு சொல்லித்தான் ஜாமீன் இல்லைன்னுட்டாங்க. பழைய இரும்பு யார்டுல என் இடத்துக்கு வேற ஆளு வந்தாச்சாம். கிரேன் சாவியை எவனோ இடுப்புல சொருகிக்கிட்டுச் சுத்துறான்.

உங்களை எனக்குத் தெரியாதா? அம்மா இருந்த காலத்துலேர்ந்து பார்க்கிறேன். எனக்கும் அவனுக்கும் குரல் ஏறினா போதும், நீங்க சமையல்கட்டுக்குப் போய்க் கத்தியை எடுத்து மாவு டின்னுக்குள்ள ஒளிப்பீங்க. ஜன்னலைச் சாத்துவீங்க. அப்புறம் செருப்பை மாட்டிக்கிட்டு, தபால் போடணும்னு கிளம்பிருவீங்க. சண்டைக்கு முன்னாடி வருவீங்க, சண்டை வந்ததும் போயிருவீங்க. நீங்க திரும்பி வர்றப்ப அவன் மூக்குல ரத்தம் காஞ்சுபோயிருக்கும். உங்க கையில தபால் அப்படியே இருக்கும்.

கம்பளி கொடுத்தாங்க. முதல் நாளே ஒருத்தன் பிடுங்க வந்தான். அவன் மூக்கை உடைச்சேன். மறுநாள் அவனோட ஆளுங்க என்னைக் கக்கூஸ் வாசல்ல தள்ளி, மாத்தி மாத்தி மிதிச்சாங்க. மூச்சு விட்டா விலாவுல ஏதோ குத்துது. கம்பளி இப்பவும் எங்கிட்டதான் இருக்கு.

அந்த டாக்டரை ஏன் அடிச்சேன்னு வக்கீல் கேட்டாரு, போலீஸ் கேட்டுச்சு, நீங்க கேட்கலை. அவரு பொய் சொன்னாருன்னு அடிக்கலை மாமா. சொன்ன உடனே உண்மைன்னு தோணிருச்சு. அதான்.

அந்தப் படுக்கை விரிப்பைக் கொடுத்தாச்சா? அவன் ஏதாவது சாப்பிடுறானா?

பதில் போட்டாலும் போடாட்டியும் எனக்கு ஒண்ணும் இல்லை.


ஜனவரி 26

அன்புள்ள பெரியவனுக்கு,

பதில் போடாவிட்டாலும் ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தாய். அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டுமோ என்று யோசித்தேன். பிறகு அதற்கு மேல் வரியில் இரண்டு கேள்விகள் இருப்பதைக் கவனித்தேன்.

செல்களைக் கொடுத்தார்கள். பெரிய மருத்துவர் என் தொல்லை பொறுக்காமல் இறங்கி வந்தார். இரண்டு முறை ஏற்றினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அப்படி எழுதுவதுகூடத் தவறு. ஒன்றும் நடக்காமல் நான்கைந்து நாள் போயிற்று, பிறகு எல்லாம் நடந்தது.

இப்போது குடலைத் தாக்கியிருக்கிறது. உள்தோல் துண்டு துண்டாகக் கழன்று ரத்தத்தோடு போகிறது. அறையைச் சுத்தம் செய்யும் பெண் வாளியைப் பார்த்துவிட்டு, "ஒரு ஆளுக்குள்ள இவ்வளவா இருக்கும்" என்று முணுமுணுத்தாள். கண் மஞ்சளாகிவிட்டது. உள்ளங்கால் தோல், செருப்பைக் கழற்றியது போல, ஒரே தகடாக வந்தது. செவிலியர் அதைத் தட்டில் எடுத்துப் போனார். சாப்பாடு வாய் வழியாக இல்லை. உதடு வெடித்து, பேசினால் ரத்தம் பல்லில் படிகிறது. அந்தப் பல்லோடு நேற்று என்னிடம், "அவன் உள்ளேயிருந்தே அடிக்கிறான் மாமா" என்றான். யார் என்று நான் கேட்கவில்லை.

ஏன் பலிக்கவில்லை என்று ஆய்வகத்து அம்மாளிடம் கேட்டேன். செல் வளர்க்கும் பிரிவு அவர் பொறுப்பு. முன்பு என்னோடு வேலை பார்த்தவர். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். இந்த செல்களுக்கு ஒரு குணம் உண்டாம். அமைதியான இடத்தில் விட்டால் சும்மா கிடக்கும். அடிக்கிற செல்கள் வெறியேறும்போது இன்டர்ஃபெரான் என்ற ஒன்றைக் கக்கும். அதன் நெடி ஏறினால்தான் இவை விழிக்கும். விழித்துவிட்டால், அடிக்கிறவர்கள் பெருகுவதற்கு வேண்டிய ஒரு சத்தை மட்டும் தேடித் தேடித் தின்று தீர்க்கும். அவர்கள் பசியில் கை ஓய்வார்கள். நானோ சண்டை முற்றுமுன்பே, ஸ்டீராய்டு எல்லாரையும் அதட்டி வைத்திருந்த நேரத்தில், இவற்றை உள்ளே அனுப்பச் சொல்லிவிட்டேன். வந்தன, வேலை இல்லை என்று படுத்தன, செத்துப்போயின. இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல அவராலும் முடியவில்லை. ஆனால் நீ எழுதிய மாவு டின் எனக்கு நினைவுக்கு வந்தது.

இப்போது சண்டை உச்சத்தில் இருக்கிறது. இப்போதுதான் அவை வேண்டும். ஆனால் கையிருப்பில் மிச்சமிருந்த பைகளில் கிருமி புகுந்து, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்கள். இந்த செல்லுக்குப் பொருத்தம் பார்க்க வேண்டியதில்லை, யாருடையதும் ஆகும். எனவே என் இடுப்பெலும்பில் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். எழுபத்தொரு வயதுச் செல்கள். தட்டின் அடியில் அகலமாகப் பரந்து படுத்துக்கொண்டன, பெருகவே இல்லை. அம்மாள் நுண்ணோக்கியில் காட்டினார். "சார், உங்களை மாதிரியே இருக்கு. யாருக்கும் ஒரு தொந்தரவும் கொடுக்கலை" என்றார்.

புதிய ஆள் என்றால் தொற்றுப் பரிசோதனைகள் எல்லாம் முதலிலிருந்து செய்ய வேண்டும். எல்லாம் முடிந்து கோப்பில் தயாராக இருப்பவன் நீ ஒருவன்தான். சிறைக் கண்காணிப்பாளருக்கு எழுதப் பெரிய மருத்துவர் ஒத்துக்கொண்டார். உன் சம்மதம் வேண்டும்.

விலாவை யாரிடமாவது காட்டினாயா?

மாமா


ஜனவரி 31

மாமா,

முடியாது.

என்னோடதை எடுத்து ஒரு தடவை ஊத்தினீங்க. தோலை உரிச்சாச்சு, குடலை உரிச்சாச்சு. இன்னொரு தடவை ஊத்தினா மிச்சம் என்ன இருக்கும், எலும்புதான் இருக்கும். உங்களுக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா?

அவனுக்குப் பத்து வயசுல காலர் எலும்பை உடைச்சேன். என் சைக்கிளை எடுத்து ஓட்டிட்டானாம். படியில விழுந்துட்டேன்னு அவனே டாக்டர்கிட்ட சொன்னான். அழுதுக்கிட்டே என்னைப் பார்த்துச் சொன்னான், நான் தப்பா நினைச்சுக்கக் கூடாதுன்னு. அப்பவே எனக்கு இன்னும் ரெண்டு போடணும்னுதான் தோணுச்சு. அப்படிப்பட்ட ஜென்மம் நான்.

நேத்து எங்க கொட்டடியில ஒருத்தன், ஒரு கிழவரோட காதை அறுத்தான். சாப்பாட்டுத் தட்டோட விளிம்பைத் தரையில தேய்ச்சுத் தேய்ச்சுக் கூராக்கி வெச்சிருந்தான். கிழவர் அவன் இடத்துல துண்டைக் காயப் போட்டுட்டாராம், அவ்வளவுதான் விஷயம். ரத்தம் பீச்சி என் சட்டையெல்லாம் ஆயிருச்சு. காதைப் பொறுக்கி எடுத்துக் கையில வெச்சுக்கிட்டு, இதை என்ன பண்றதுன்னு கேட்கிற மாதிரி ஒவ்வொருத்தர் முகமா பார்த்தாரு. என் கை பரபரன்னு வந்துச்சு. அறுத்தவனை அடிக்கிறதா, அழுத கிழவரை அடிக்கிறதான்னே தெரியலை. யாரையாவது அடிக்கணும். என் ரத்தம் அப்படி. அதை அவனுக்குள்ள மறுபடி விடாதீங்க.

ரோட்டுல போற எவனையாவது பிடிங்க. நல்லவனா பார்த்துப் பிடிங்க.


பிப்ரவரி 4

அன்புள்ள பெரியவனுக்கு,

ரோட்டில் போகிறவரைப் பிடிக்க எனக்குத் தைரியம் போதாது. பிடித்தாலும், அவருடைய பரிசோதனைகள் முடியும்வரை சின்னவன் தாங்கமாட்டான். இன்னொரு மருந்தைக் கொடுத்து நாளைத் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள்.

உன்னை வற்புறுத்த எனக்குத் தெரியாது. ஆனால் நீ எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. நவம்பரில் எடுத்தது உன் எலும்பிலிருந்து இல்லை. ஊசி போட்டு, செல்களை ரத்தத்துக்கு விரட்டி, கையிலிருந்து எடுத்தார்கள். அப்படி எடுக்கும்போது அடிக்கிற கூட்டம் மொத்தமாக வந்துவிடும். நான் சொல்லும் இந்தச் செல்கள் அவ்வளவு எளிதில் வெளியே வருபவை அல்ல. அவை எலும்பிலேயே தங்கிவிட்டன. இரண்டும் உன்னுடையவைதான். உன்னில் ஒரு பாதியைத்தான் அவனுக்குள் அனுப்பியிருக்கிறோம். மறுபாதி உன் இடுப்பில் இருக்கிறது, யாரும் கேட்காததால் சும்மா இருக்கிறது.

இதில் நான் எங்காவது மிகைப்படுத்திவிட்டேனா என்று அம்மாளிடம் காட்டினேன். "பாதின்னு எல்லாம் அளந்து சொல்ல முடியாது சார், ஆனா அனுப்புங்க" என்றார்.

இன்னொன்று. எலும்பிலிருந்து எடுப்பதில் இங்கே கை தேர்ந்தவர் அந்த இளம் மருத்துவர்தான். அவரைக் கேட்டார்கள். சிலேட்டில் 'எடுக்கிறேன்' என்று எழுதினார். அவர் கையில் ஊசி இருக்கும் என்பதால் நீ பயப்படுவாயோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

மாமா


பிப்ரவரி 15

மாமா,

எடுத்துட்டாங்க. நான் பயப்படுவேனோன்னு எழுதினீங்க பாருங்க, அந்த ஒரு வரிக்காகவே கையெழுத்துப் போட்டேன்.

ரெண்டு போலீஸ்காரங்க கூட்டிட்டு வந்தாங்க. கட்டில்ல குப்புறப் படுக்க வெச்சு, ஒரு கையைக் கட்டில் சட்டத்தோட சேர்த்து விலங்கு போட்டாங்க. அப்புறம் அவரு வந்தாரு. முகம் பாதி இன்னும் வீங்கித்தான் இருக்கு. என்னைப் பார்க்கலை, என் இடுப்பைத்தான் பார்த்தாரு.

மரத்துப் போறதுக்கு ஊசி போட்டாரு. தோலுதான் மரத்துச்சு, எலும்பு மரக்கலை. ஒரு தடி ஊசியை முழு உடம்பையும் போட்டு அழுத்தித் திருகுறாரு, யார்டுல துருப்பிடிச்ச போல்ட்டைக் கழட்டுற மாதிரி. உள்ள இறங்கினதும் ஒரு இழுப்பு இழுத்தாரு பாருங்க. முதுகுத்தண்டுக்குள்ள விட்ட கம்பியை மண்டை வழியா யாரோ உருவுற மாதிரி இருந்துச்சு. கட்டில் சட்டத்தைக் கடிச்சேன், வலது பக்கம் ஒரு பல்லு சில்லு விட்டுருச்சு. கூட வந்த போலீஸ்காரர் வெளியில போய் வாந்தி எடுத்தாரு. ஒரு இழுப்போட விடலை மாமா, இடம் மாத்தி இடம் மாத்தி இழுத்தாரு. பழி வாங்குறான்னு நினைச்சேன். அப்படித்தான் எடுக்கணுமாம், நர்ஸ் சொன்னாங்க. ரெண்டுமா இருந்தாலும் இருக்கலாம். எனக்கு அதுல ஒண்ணும் இல்லை.

எடுத்து முடிச்சதும் நர்ஸைச் சைகையில நகரச் சொல்லிட்டு, பஞ்சை வெச்சு அவரே அழுத்திக்கிட்டு நின்னாரு. ரத்தம் நிக்கிற வரைக்கும் அழுத்தணுமாம். அந்தக் கம்பிக்கு நடுவுல அவர் மூச்சு உஸ் உஸ்னு கேட்டுச்சு. திரும்பி "டாக்டர்"னேன். சிலேட்டை என் மூஞ்சிக்கு நேரா பிடிச்சாரு. 'கோர்ட்டில் மூன்று அடியையும் சொல்வேன்.' "சொல்லுங்க டாக்டர்"னேன். அழிச்சுட்டு இன்னொண்ணு எழுதினாரு. 'ஆடாதே.'

யாரோடதுன்னு அவன்கிட்ட சொல்லாதீங்க. தெரிஞ்சா குழாயைப் பிடுங்கி எறிஞ்சிருவான். நானா இருந்தா எறிவேன்.


பிப்ரவரி 27

அன்புள்ள பெரியவனுக்கு,

கையெழுத்தைப் பொறுத்துக்கொள். இடது கையால் எழுதுகிறேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன், முதலில் உன் செல்கள்.

வளர்கின்றன. என்னுடையவை போலப் படுத்துக் கிடக்கவில்லை. மெல்லிய நூல்களாக நீண்டு, ஒரே பக்கமாக வளைந்து, மீன்கூட்டம் திரும்புவது போலச் சுழித்து நிற்கின்றன. அம்மாள் ஒரு சோதனையும் செய்தார். சின்னவன் ரத்தத்திலிருந்து அடிக்கிற செல்களைப் பிரித்து, தூண்டிவிட்டு, இவற்றோடு ஒரே தட்டில் விட்டார். அடிக்கிறவர்களின் பெருக்கம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. அவையும் உன்னுடையவை, இவையும் உன்னுடையவை. தட்டில் பலித்தது உடம்பில் பலிக்கும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். போதுமான அளவு பெருக இன்னும் சில நாள் வேண்டும். பொறுத்திருக்கிறோம்.

இனிக் கை. இதை எழுதாமல் விடலாமா என்று பார்த்தேன். நீ கேட்பாய்.

ஸ்டீராய்டை அதிக அளவில் நெடுநாள் கொடுத்தால் சிலருக்கு மூளை கலங்கும். அது மருந்தின் வேலை, சின்னவனின் குணம் இல்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தேன். அவன் எழுந்து நின்றான். நிற்கவே முடியாதவன் நின்றான். சலைன் மாட்டியிருந்த கம்பத்தைப் பிடுங்கி என் வலது மணிக்கட்டில் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. மூக்குக் கண்ணாடி கீழே விழுந்தது, அதை மிதித்தான். அவனுடைய மூக்குக் கண்ணாடிக் கடையில் அவனே தேய்த்துப் பொருத்திக் கொடுத்த வில்லைகள். பிறகு என் கழுத்தைப் பிடித்தான். உள்ளங்கையில் தோல் இல்லை, பச்சைச் சதை என் கழுத்தில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. "கத்தியை எங்க ஒளிச்சு வெச்சிருக்கே?" என்று கேட்டான். என்னை அவன் ஒருமையில் பேசியதே இல்லை.

நான் நின்றேன் என்று நினைத்துவிடாதே. கதவுப் பக்கம்தான் போகப் பார்த்தேன். கம்பம் குறுக்கே கிடந்தது. அதைத் தாண்டும்போது திரும்பினேன், அவன் முழங்கால் மடங்கிக்கொண்டிருந்தது. விழுந்தால் கழுத்தில் தைத்திருக்கும் குழாய் பிய்ந்துவிடும். அதனால் போய் அவனைப் பிடித்துக்கொண்டேன். நான் பிடித்துக்கொண்டிருந்தேன், அவன் அடித்துக்கொண்டிருந்தான். முகத்தில், காதில், மறுபடி மணிக்கட்டில். செவிலியர்கள் வந்தபோது இருவரும் தரையில் கிடந்தோம். குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

இப்போது அவனுக்கு அது எதுவும் நினைவில்லை. என் கைக்கட்டைப் பார்த்து, "எங்க மாமா விழுந்தீங்க?" என்கிறான். படியில் என்று சொல்லியிருக்கிறேன்.

மாமா


மார்ச் 3

மாமா,

படிச்சதும் சிரிச்சுட்டேன். இந்தப் பக்கம் ஒரு காவலர் கம்பிக்கு வெளியில வந்து நின்னு, இவனுக்கு என்ன ஆச்சுன்னு பார்த்தாரு. தபால் போடப் போகலையா நீங்க?

அப்புறம் சிரிப்பு நின்னுருச்சு. எறும்பு ஏறினாக்கூட ஊதித் தள்ளுறவன் அவன். அவன் கை எப்படி அப்படி வரும்? நீங்க மருந்துன்னு சொல்லுங்க. எனக்கு என்னமோ நான்தான் அவன் கையை உள்ளேயிருந்து தூக்கின மாதிரி இருக்கு. உங்க மணிக்கட்டுக்கு நான் என்ன சொல்றது.

இது தனி அறையிலேர்ந்து எழுதுறேன். காதை அறுத்தவன் மறுபடியும் அந்தக் கிழவர்கிட்ட வந்தான், இந்தத் தடவை இன்னொரு காதுக்கு. அவன் தலையைப் பிடிச்சுச் செவுத்துல மோதினேன். தட்டு என் முன்கையில இறங்குச்சு, எலும்பு தெரிஞ்சுது. இன்னொண்ணு கொடுத்தேன், விழுந்தான். கையை ஓங்கிட்டேன் மாமா, குனிஞ்சும் ஆச்சு. அப்ப உங்க குரல்ல கேட்டுச்சு, "அவர் கீழே விழுந்த பிறகு மூன்றாவது அடி." சனியன் பிடிச்ச வாக்குமூலம். கையை இறக்கிட்டேன். எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. அடிச்சப்பகூட அப்படிப் பார்க்கலை.

எப்ப ஏத்துறாங்க?


மார்ச் 14

அன்புள்ள பெரியவனுக்கு,

ஏற்றியாகிவிட்டது. ஏற்றிய நாளிலேயே எழுதியிருக்க வேண்டும். பலன் தெரியாமல் எழுதி உன்னைத் தனி அறையில் உட்கார வைத்துக் கொல்ல வேண்டாம் என்று தள்ளிப்போட்டேன். அது சரியா தவறா என்று தெரியவில்லை.

முந்தைய நாள் அவனுக்கு மிக மோசமான நாள். வாளி வாளியாகப் போயிற்று. இந்தப் பக்கம் ரத்தம் ஏற்ற, அந்தப் பக்கம் இறங்கியது. பெரிய மருத்துவர் என்னை வெளியே அழைத்து, யாருக்காவது சொல்ல வேண்டுமென்றால் சொல்லிவிடுங்கள் என்றார். உன்னைத் தவிர எனக்கு யாரும் நினைவுக்கு வரவில்லை.

பை சிறியது, உள்ளே இருந்தது அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கலாக இருந்தது. உறைய வைக்காமல் அன்றே தட்டிலிருந்து எடுத்தவை. அடியில் படியாமல் இருக்க, அந்த இளம் மருத்துவர் பையைக் கையில் ஏந்தி மெல்ல ஆட்டிக்கொண்டே நின்றார்.

சின்னவன் கண்ணைத் திறந்தான். "இது யாரோடது மாமா?" என்றான்.

நான் ஒரு முகம் தெரியாத கொடையாளரை மனதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவருக்கு வயது, தொழில், வடக்குப் பக்கத்தில் ஒரு வீடு எல்லாம் கொடுத்திருந்தேன். வாயைத் திறந்தபோது "உன் அண்ணனோடது" என்று வந்துவிட்டது. வாக்குமூலம் கொடுத்த வாய்.

அவன் கை குழாய்க்குப் போனது. நான் தடுக்கவில்லை. என் வலது கை மாவுக்கட்டுக்குள் இருந்தது. மருத்துவரும் தடுக்கவில்லை, ஆட்டுவதை நிறுத்தாமல் அவனையே பார்த்தார். அந்தக் கட்டிய தாடையைச் சின்னவன் முதல் தடவையாகக் கவனித்தான் என்று நினைக்கிறேன். யார் செய்தது என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எடுக்கிறப்ப அவனுக்கு வலிச்சுதா?"

"பல்லை உடைத்துக்கொண்டான்" என்றேன்.

அவன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மூச்சு அடைக்கிறதோ என்று பயந்தேன். சிரிப்புதான். கையைக் குழாயிலிருந்து எடுத்துப் போர்வைமேல் வைத்தான். "ஏறட்டும். ஆனா அவன்கிட்ட ஒண்ணு சொல்லுங்க மாமா. காலர் எலும்புக்கு நான் இன்னும் திருப்பி அடிக்கலை. எழுந்து வந்து அடிப்பேன்னு சொல்லுங்க."

சொல்லச் சொன்னான், சொல்லிவிட்டேன்.

உன் செல்களில் பெரும்பாலானவை இப்போது உயிரோடு இருக்காது. அவை நுரையீரலில் சிக்கி ஓரிரு நாளில் செத்துப்போகுமாம். குப்பை தின்னும் செல்கள் வந்து அவற்றைத் தின்னுமாம். தின்றவை சாந்தமாகி, போகிற இடத்தில் எல்லாம் அடிக்கிறவர்களை அடக்குமாம். அம்மாள் இதைச் சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. இப்போதும் பாதிதான் வந்திருக்கிறது. ஆனால் நான்காம் நாள் சுத்தம் செய்யும் பெண் வாளியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன பெரியவரே, காலியா இருக்கு, கொட்டிட்டீங்களா?" என்று கேட்டாள். நான் கொட்டவில்லை. இன்று அவன் மூன்று தேக்கரண்டி தண்ணீர் குடித்தான், அது உள்ளேயே நின்றது. கண்ணின் மஞ்சள் அப்படியேதான் இருக்கிறது. இன்னும் சொல்ல முடியாது என்கிறார் பெரிய மருத்துவர். நானும் அதையே சொல்கிறேன். ஆனால் உள்ளங்கையில், ஓரத்தில், நகத்தளவு புதுத் தோல் வந்திருக்கிறது. என் கண்ணாடி இல்லாமல் பார்த்தேன் என்பதால் செவிலியரையும் கூப்பிட்டுக் கேட்டேன். தோல்தான் என்றார்.

மாமா


மார்ச் 21

மாமா,

உங்க கடுதாசியை மூணு தடவை படிச்சேன். கிழிக்கலை.

வழக்கு ஏப்ரல்ல வருது. டாக்டர் மூணையும் சொல்லட்டும். நீங்களும் மூணையும் சொல்லுங்க, ஒண்ணுகூடக் குறைக்காதீங்க. எப்படியும் கொஞ்ச காலம் உள்ளதான் இருப்பேன். அதனால நான் எங்கயும் ஓடிற மாட்டேன், அவன் நிதானமா வரலாம்னு சொல்லுங்க. இடது கன்னத்துல அடிக்கச் சொல்லுங்க, வலது பக்கம்தான் பல்லு சில்லு விட்டிருக்கு. நேர்காணல்ல நடுவுல கம்பி வலை இருக்கும், கை நுழையாது. அதுக்கு ஏதாவது வழி இருக்கான்னு காவலர்கிட்ட கேட்டேன். "உன்னை அடிக்கணும்னா வரிசையில நில்லுன்னு சொல்லு"ன்னாரு.

முஷ்டி பிடிக்கிற அளவுக்கு உள்ளங்கையில தோல் வர எத்தனை நாள் ஆகும்னு அந்த லேப் அம்மாகிட்ட கேட்டு எழுதுங்க. நீங்களா ஊகிக்காதீங்க, நீங்க குறைச்சுத்தான் சொல்லுவீங்க, இல்லைன்னா கூட்டித்தான் சொல்லுவீங்க.

அடுத்த தடவை நேர்காணல் சீட்டுல உங்க பேரு இருந்தா வர்றேன்.

அவன் வர்ற வரைக்கும் இந்தக் கன்னத்துல வேற எவனையும் கை வைக்க விடமாட்டேன்.